கதவில் பொட்டு வைக்கும் ஊர்

உப்போடையில் கல்யாணம் என்றால் தாலிக்கு முன்னால் கார் வேண்டும், கார் என்றால் உலகம்மாளின் கறுப்புக் கார்தான் வேண்டும், அது வந்து பெண் வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் மேளக்காரர் வாசிப்பார், அவர் வாசித்த பிறகுதான் பெண் வெளியே வருவாள், வந்தவளும் நேராக ஏறிவிட முடியாது, பின்பக்க இடதுகைக் கதவின் முன்னால் குனிந்து, அதன் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்து, குங்குமப் பொட்டைத் தன் கையால் தானே வைத்துக்கொண்டு, அது நடு நெற்றியில் நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் ஏற வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கும். என் பெண்டாட்டி பாக்கியமும் அப்படித்தான் வைத்தாள். மாப்பிள்ளை பெண் அழைக்கப் போகக் கூடாது என்று சொன்னதைக் கேட்காமல் கூட்டத்தோடு கூட்டமாக நானும் போயிருந்தேன், அவள் கதவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்கா கதவுக்கா என்று இன்று வரை நான் கேட்டதில்லை.

உலகம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவளுடைய அப்பா உப்புக் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டியவர். கம்பெனியை மூடிவிட்டு முதலாளி ஊரைவிட்டுப் போனபோது காரை அப்பாவிடமே விட்டுவிட்டார், அப்பா காலமானபோது அது மகளிடம் வந்தது. உலகம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஊரு பொண்ணுகளையெல்லாம் கொண்டு எறக்கவே நேரம் சரியா இருக்கு" என்பாள். பேச்சு குறைவு, ஹாரன் அதைவிடக் குறைவு. அந்தக் காரை அவள் எப்படி வைத்திருந்தாள் என்பதைவிட, ஊர் அதை எப்படி வைத்திருந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஊர் அதைக் கொஞ்சித் தீர்த்தது. மகளுக்கு வரன் அமைந்தால் காரைக் கழுவுகிறேன் என்று தாய்மார்கள் நேர்ந்துகொண்டார்கள், பேரப்பிள்ளை பிறந்தால் கழுவுகிறேன் என்றார்கள், சுகப்பிரசவம் ஆனால் கழுவுகிறேன் என்றார்கள். உச்சிக்கால பூஜை முடிந்த கையோடு, வெயிலில் தகரம் கொதிக்கிற நேரத்தில், வாளியும் கையுமாக வந்து நிற்பார்கள். குத்துவிளக்கு தேய்க்கிற தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், பாத்திரம் கழுவும் தூள், வீட்டுக்காரரின் கிழிந்த லுங்கி. லுங்கி கை தவறி மண்ணில் விழுந்தால் உதறிவிட்டு அதே லுங்கியால் தேய்ப்பார்கள். நேர்த்திக்கடன் அல்லவா, அதனால் சாமியை வலம் வருகிற மாதிரி வட்டம் வட்டமாகத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் வலப்பக்கமாக. தண்ணீரோ எங்கள் ஊர் போர் தண்ணீர், அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, துவைத்த வேட்டியைக் காயப்போட்டால் அதுவாகவே எழுந்து நிற்கும். பருப்பு வேகவைக்க மட்டும் ஐப்பசி மழையை வீட்டுக்கு ஒரு தொட்டியில் பிடித்து மூடி வைத்து வருஷம் முழுக்க அளந்து அளந்து எடுப்போம். காருக்குப் போர் தண்ணீர்தான். அது வெயிலில் காய்ந்து உப்புப் புள்ளிகளாகப் பூத்ததும், அதையும் சுரண்டி எடுப்பதற்கு ஒருத்தி நேர்ந்துகொள்வாள்.

தெருவில் போகிற ஆண்களும் சும்மா போவதில்லை. தோள் துண்டை எடுத்து பானட்டின் மேல் படிந்த தூசியை வறட்டுத் தட்டு ஒன்று தட்டிவிட்டுப் போவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், தட்டினால் அன்றைக்கு நல்லபடியாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. பிரியம் என்று வந்த கையை எப்படித் தள்ளிவிடுவது என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. காரின் உடம்பெல்லாம் மயிரிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாக விழுந்தன, வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போர்த்திய மாதிரி இருந்தது, கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

அந்த ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பஞ்சாயத்துத் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சியின் மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம். அவளுடைய அம்மா தங்கபுஷ்பம் முந்தின நாள் மத்தியானம் புது நாரும் சலித்த சாம்பலுமாக வந்து, வியர்க்க விறுவிறுக்க, இடதுகைக் கதவை மட்டும் தனியாக ஒரு மணி நேரம் வலம் வலமாகத் தேய்த்து நேர்த்திக்கடனை முடித்திருந்தார். மறுநாள் மேளம் வாசித்தது, பெண் வந்தாள், குனிந்தாள், குங்குமத்தைத் தொட்ட விரலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா, கதவுல நான் இல்லம்மா."

"நல்லா குனிஞ்சு பாரு பிள்ள."

"குனிஞ்சுதான் இருக்கேன். வெறும் சாம்பலாத் தெரியுது."

அந்த நேரத்தில்தான், உப்போடையில் எந்தெந்தப் பெண் அந்தக் கதவைப் பார்த்துப் பொட்டு வைத்திருந்தாளோ, அவள் ஒவ்வொருத்தியின் முகமும் எல்லாக் கண்ணாடிகளையும் விட்டுப் போயிற்று. கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பாக்கியம் பீரோக் கண்ணாடியில் பார்த்தபோது சேலை இருந்தது, கழுத்தில் சங்கிலி இருந்தது, காதுக்கம்மல் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தன, நடுவில் பின்சுவர் தெரிந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள், பிறகு என்னைக் கூப்பிட்டு, "எனக்குத் தலை இருக்கா பாருங்க" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்பக் கண்ணாடிக்குத்தான் கேடு" என்று கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

கல்யாணம் நடக்கவில்லை. என் முகம் அதில் விழாமல் நான் ஏற மாட்டேன் என்று செண்பகம் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பொட்டு வைக்காதவள் என்பதால் வீட்டுக் கண்ணாடியில் அவளுக்கு முகம் இருந்தது, ஆனால் அந்தக் கதவில் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போய் விளக்கேற்றுவது என்று கேட்டாள். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் பொறுக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். பந்தியில் போட்ட வடை வீணாகக் கூடாது என்று அவனே முதலில் போய் உட்கார்ந்தான்.

யாருக்குப் போயிருக்கிறது, யாருக்குப் போகவில்லை என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. வெளியூரில் தாலி கட்டிக்கொண்டு இங்கே வந்த மருமகள்களுக்கு முகம் இருந்தது. இங்கிருந்து சென்னைக்கும் துபாய்க்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் அங்கிருந்து போன் போட்டு அழுதார்கள். முகமெல்லாம் கதவுக்குள்தான் இருக்கிறது, கதவு மூடிக்கொண்டது என்று ஊர் முடிவு கட்டியது, மோட்டார் ரிப்பேரான மாதிரி சகஜமாகத்தான் அதைப் பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் காரணம் யாரும் கேட்கவில்லை, அவரவர்க்கு வேலை இருந்தது.

விடிந்தால் தலை வார வேண்டும், பொட்டு வைக்க வேண்டும். முதலில் தடவித் தடவி வைத்துக்கொண்டார்கள், ஊர் முழுக்கப் பொட்டு புருவத்துக்கு மேலும் மூக்குக்குப் பக்கத்திலும் அலைந்தது. பிறகு காலையில் தெருவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிட ஆரம்பித்தார்கள், எதிர் வீட்டுக்காரியைத் தவிர வேறு ஆள் கிடைக்காததால் தண்ணீர்க் குழாயில் போட்ட பழைய சண்டைகள் பல அத்தோடு முடிந்தன. வீட்டுக்குள் அந்த வேலை புருஷன்மார் தலையில் விழுந்தது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்து வருஷக்கணக்கான மனிதர்கள் எல்லாம் காலையில் ஒரு கையால் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மைக்குச்சியோடு, மூச்சைப் பிடித்து நின்றார்கள். நான் கோணல் இல்லாமல் பொட்டு வைக்கப் படித்ததும் அப்போதுதான். "எப்பிடி இருக்கேன்?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது, கன்னத்தில் மாவு ஒட்டியிருப்பதைச் சொல்லாமல் விட்டால் கடைத்தெருவில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அப்புறம் ராத்திரிச் சோறு இல்லை. கண்ணாடிகளைக் கழற்றிப் போட்டு மேலே கூழ்வற்றல் காயவைத்தார்கள். அதற்கு அவை நன்றாகத்தான் இருந்தன.

இப்படியே பழகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நரை தெரியவில்லை, நிம்மதி என்று பாக்கியமே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மழைத்தண்ணீர்த் தொட்டியைத் திறந்து, அளந்து எடுக்கப் போனவள் எடுக்காமல் குனிந்தபடியே நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"எங்கம்மா சாயல் எனக்குன்னு எல்லாரும் சொல்லுவாவல்லா. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. அவளப் பாக்கணும்னா நான் கண்ணாடி பாப்பேன், இல்லன்னா இந்தத் தொட்டியில பாப்பேன். இப்ப அவளையும் காணும்."

அவள் தினமும் கண்ணாடி முன்னால் நின்றது இதற்குத்தானா என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே உலகம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு அங்கே வேறு கஷ்டம். கதவைப் பார்த்துப் பொட்டு வைக்காதவள், அதனால் அவளுக்கு முகம் இருந்தது. குழாயடியில் ஒருத்தி, "ஊரு மூஞ்சியெல்லாம் அழிச்சுட்டு இவ மட்டும் மினுக்கிக்கிட்டு இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். உலகம்மாள் வீட்டுக்கு வந்து காரின் உள்கண்ணாடி மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டாள். "ஊருக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியபோது செல்லத்துரை அண்ணாச்சி முடிவோடு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊருக்கு ஏதாவது கேடு வந்தால் உடனே வெள்ளையடித்துவிட வேண்டும் அவருக்கு, பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகியபோதும் சுவருக்கு வெள்ளைதான் அடித்தார். தூத்துக்குடியிலிருந்து அந்தோணிராஜ் என்ற பெயிண்டரை வரவழைத்திருந்தார். கார் முழுக்கப் புது வெள்ளைப் பெயிண்டு, அதில் புதுசாக எல்லாரும் முகம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூட்டம் சரி சரி என்றது. உலகம்மாள் எழுந்தாள்.

"தம்பி, வெள்ளை அடிக்கதுக்கு மின்னால என்ன செய்வீய?"

"உப்புத்தாள் போட்டுப் பழசையெல்லாம் தேச்சு எடுத்துருவோம் யக்கா. அடித் தகரம் தெரிய எடுத்தாத்தான் புதுசு புடிக்கும்."

"தேச்ச தூசி?"

"அது காத்துல போயிரும்."

"அந்தத் தூசியிலதான இந்தப் பொண்ணுக மொகமெல்லாம் இருக்கு" என்றாள் உலகம்மாள்.

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது, அழுகையுமில்லை பேச்சுமில்லை. அந்தோணிராஜ் தலையைச் சொறிந்தான். அவன் வாயாடி, ஆனால் செய்கிற வேலையில் பொய் சொல்ல வராது. எதற்கும் இருட்டில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றான். ஊரில் பகலிலும் இருட்டான இடம் மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றுதான். பக்கச் சுவரின் தகரக் கதவைத் திறந்து, காரைத் தள்ளிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினோம். அவன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கதவோடு கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்தான், விரலை நாக்கில் தொட்டு ஒரு கீறலின் மேல் தடவினான், ஈரம் இருந்த வரைக்கும் அந்தக் கீறல் மறைந்து அடியிலிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது.

"யக்கா, கறுப்பு சாவல. கறுப்புக்கு மேல கண்ணாடி கெணக்கா ஒரு பூச்சு இருக்கு, அதத்தான் சாம்பல் போட்டுக் கீறி வச்சிருக்காவ. உப்புக்கறைய எடுத்து, கீறல் ஆழத்துக்கு மேல்பூச்ச மெல்லமா மட்டம் பண்ணினா உள்ள உள்ளது வெளிய தெரியும். ஆனா ஒண்ணு, பூச்சு கொஞ்சந்தான் மிச்சம். ஒரு எடத்துல கூடத் தேச்சோம்னா கறுப்பும் போயிரும், அப்பறம் நான் என்ன, எங்கப்பன் வந்தாலும் கொண்டார முடியாது."

உலகம்மாள் கார்ச் சாவியைச் செல்லத்துரை அண்ணாச்சி கையில் கொடுத்தாள். "ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் எனக்கு விடுங்க. அன்னைக்குக் கதவுல மொகம் தெரியலன்னா வெள்ளையோ பச்சையோ நீங்க அடிங்க, நான் அது நிக்குத தெருப்பக்கம் வரமாட்டேன்" என்றாள். அப்பா கொடுத்த ஒரே சொத்து, அதை அவள் பந்தயத்தில் வைத்தது போல் வைத்தாள். அண்ணாச்சி சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

அவள் போட்ட முதல் சட்டம், காரை யாரும் தொடக் கூடாது. உப்போடைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எதுவும் இல்லை. மறுநாளே வாளியோடு வந்துவிட்டார்கள். உலகம்மாள் கொட்டகை வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். பின்விளக்கை மட்டுமாவது தேய்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி கெஞ்சினாள், மகனுக்கு வேலை கிடைத்த நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதே, சாமி கண்ணைக் குத்தாதா என்று இன்னொருத்தி அழுதாள். அந்தப் பக்கம் போன நானும் தோள் துண்டை எடுத்துவிட்டேன், விளக்குமாறு என் முழங்கையில் விழுந்தது.

இரண்டாவது சட்டம் தண்ணீர். போர் தண்ணீர் ஒரு சொட்டுப் படக் கூடாது, மழைத்தண்ணீர்தான் வேண்டும். ஆடி மாதத்தில் மழைக்கு எங்கே போவது? இருந்தது பருப்புத் தண்ணீர் மட்டும்தான், அதுவும் அடித்தொட்டித் தண்ணீர், அதை வைத்துத்தான் ஐப்பசி வரைக்கும் ஓட்ட வேண்டும். உலகம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. பாக்கியம்தான் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள், அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி ஒரு குடம் எடுத்தாள், சாயங்காலத்துக்குள் கொட்டகை வாசலில் குடங்கள் வரிசைகட்டி நின்றன. அன்றிலிருந்து உப்போடையில் சாம்பார் கிடையாது, பருப்புக் குழம்பு கிடையாது, ஊர் முழுக்கப் புளிக்குழம்பும் மிளகு ரசமும்தான். அந்தோணிராஜ் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

"காரு என் பங்குப் பருப்பையும் குடிச்சிருச்சு யக்கா" என்பான்.

"நல்லா குடிக்கட்டும். நீ ரசத்த ஊத்து" என்பாள் உலகம்மாள்.

கொட்டகையில் வேலை நடந்தது, ஊர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்தது. பகல் காட்சி மட்டும்தான், டிக்கெட் கிடையாது. முதலில் அந்தோணிராஜும் உலகம்மாளும் மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் கை படாமல் இறக்கினார்கள். அப்புறம் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர், துணியில் ஏறிய மண்ணை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் தோய்க்க வேண்டும். அலசிய வாளியின் அடியில் படிந்த மண்ணை அந்தோணிராஜ் சாய்த்துக் காட்டியபோது, இதையா இத்தனை நாள் வைத்துத் தேய்த்தோம் என்று பெஞ்சுகளில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உப்புக்கறைக்கு வினிகர் கலந்த தண்ணீரை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். பிறகு அந்தோணிராஜ் தூசி எடுக்கும் களிமண் கட்டியால் வழுக்கி வழுக்கி இழுத்தான், அதில் வந்த கறுப்பைப் பார்த்தும் கை தட்டினார்கள். கடைசியில் பாலிஷ் மிஷினை ஓட்டினான். கூரை கறுத்தது, பானட் கறுத்தது, டிக்கி கறுத்தது, பழைய திரையின் கிழிசல் முதற்கொண்டு அதில் தெளிவாக விழுந்தது, நாங்கள் விசிலடித்தோம்.

ஆனால் முகம் வரவில்லை. பெண்கள் பானட்டில் குனிந்து பார்த்தார்கள், கம்மல் ஆடியது, முகம் இல்லை. பொட்டு வைத்தது அந்த ஒரு கதவில்தானே என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அந்தோணிராஜ் அந்தக் கதவைக் கடைசிக்கென்று விட்டிருந்தான், காரணம் இருந்தது. அதிகம் பிரியம் பட்ட கதவு அதுதான், அதிகம் தேய்ந்ததும் அதுதான்.

ஆடி முடிகிற வாரம் மிஷினைக் கையில் எடுத்தவன் கதவின் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு மிஷினைக் கீழே வைத்தான்.

"இது வெங்காயத் தோலு யக்கா. மிஷின் போட்டா எரிஞ்சிரும். கையால செய்யலாம், ஆனா நான் செய்யமாட்டேன்."

"ஏன்?"

"ஒரு ஆளு தேச்சா கை களைக்கும். களைச்ச கை பாரமாயிரும், பாரமான கை அழுத்தும். இது ஒரு அழுத்து தாங்காது."

செல்லத்துரை அண்ணாச்சி மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உலகம்மாள் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றாள், அவ்வளவு நேரம் நின்றும் அதைத் தொடவில்லை. பிறகு திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தாள்.

"களைக்காத கை இத்தன இருக்குல்லா" என்றாள். "ஆளுக்கு ஒரு இழுப்பு. ஒண்ணே ஒண்ணு. வட்டம் கெடையாது. மேலருந்து கீழ, கோழி எறகு தடவுத மாதிரி. ஒருத்தி துணி இன்னொருத்திக்கு ஆவாது."

வீட்டுக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய பழைய நூல் சேலைகளை, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன சேலைகளை, மழைத்தண்ணீரில் ஒருமுறை அலசி, கிழித்து, ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுவந்தார்கள். கொட்டகை வாசலிலிருந்து திரை வரைக்கும் வரிசை நின்றது. முதலில் தங்கபுஷ்பத்தைத்தான் உலகம்மாள் கூப்பிட்டாள். அவர் பின்வாங்கினார்.

"நான் வேண்டாம் உலகு. எங் கைதான் கெடுத்தது. எம்மவ கல்யாணத்தையும் எங் கையே கெடுத்துச்சு."

"ஒங்க கை பிரியத்துலதான தேச்சுது மதினி. அதே பிரியத்தோட இப்பக் கொஞ்சம் மெதுவாத் தேய்ங்க."

தங்கபுஷ்பம் துணியில் பாலிஷைத் தொட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவள் இழுத்தாள், அதற்கடுத்தவள் இழுத்தாள், குழாயடியில் உலகம்மாளைப் பேசியவளும் வந்து இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். துபாயிலிருந்து விமானம் ஏறி வந்த ஒருத்தி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தாள். வட்டம் போட்டே பழகிய கைகள், ஒவ்வொரு கையும் வலப்பக்கம் திரும்பப் பார்த்தது, திரும்பாமல் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நேராக இறங்கியது. சாம்பல் வெளுத்தது, வெளுத்தது நீலமாயிற்று, நீலம் கறுக்கத் தொடங்கியது, அந்தோணிராஜ் டார்ச்சைப் பிடித்தபடி, "போதும்னா சொல்லுதேன், போதும்னா சொல்லுதேன்" என்று ஜபம் மாதிரி முனகிக்கொண்டிருந்தான், வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, பாக்கியத்தின் முறை வந்தது, அவள் எங்கள் மகனின் தொட்டில் துணியைக் கதவில் வைத்தாள், இழுத்தாள், அந்தோணிராஜ், "போதும்!" என்று கத்தினான்.

பாக்கியம் துணியை எடுத்தாள். எடுத்த இடத்தில் அவள் இருந்தாள்.

"எம்மா" என்றாள். அவள் கூப்பிட்டது தன்னை அல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும். கதவில் இருந்த முகமும் அதே சொல்லைச் சொல்லிற்று, இரண்டும் அழுதன, நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் முண்டினார்கள், பார்த்த பார்த்த முகமெல்லாம் வந்தது. ஒவ்வொருத்திக்கும் முதலில் கல்யாணத்தன்று குனிந்த முகம் வந்து ஒரு கணம் நின்று, பிறகு வருஷங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இன்றைய முகமாயிற்று. நரையைக் கண்டு ஒருத்தி அலறினாள், அலறிவிட்டுச் சிரித்தாள். கொட்டகை முழுக்கக் குலவை எழுந்தது, அந்தத் தகரக் கூரை எந்தப் படத்துக்கும் அப்படி அதிர்ந்ததில்லை. செல்லத்துரை அண்ணாச்சி மடியை அவிழ்த்துச் சாவியை உலகம்மாள் கையில் வைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கார் வந்து செண்பகவடிவின் வாசலில் நின்றது. பந்தலும் வாழைமரமும் தெருவும் ஜனமும் அதன் விலாவில் கறுப்பாக மின்னின. மேளம் வாசித்தது, பெண் வந்தாள், குனிந்தாள், பார்த்தாள், பொட்டை வைத்தாள், நட்ட நடுவில் நின்றது. ஏறப் போனவள் ஏறாமல் முன்பக்கம் போய், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த உலகம்மாளின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"யத்த, நீங்க இந்தக் கதவுல பாத்ததே இல்லல்லா?"

"எனக்கெதுக்குட்டி, அது கல்யாணப் பொண்ணுக பாக்க கதவு."

"கதவத் தொறந்துவிட்டவங்க பாக்கக் கூடாதா? குனிங்க."

உலகம்மாள் குனிந்தாள். தன் முகத்தைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் நெருக்கி நின்று எட்டிப் பார்த்தார்கள், அந்த ஒற்றைக் கதவில் அத்தனை முகமும் இடித்துக்கொண்டு விழுந்தன, நடுவில் அவள் முகம். செண்பகம் தன் விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தாள். இந்த ஊர்ப் பெண்களை எல்லாம் புகுந்த வீட்டில் கொண்டு இறக்கியவள், தான் எந்த வீட்டுக்காரி என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அது பொறுக்கவில்லை அவளுக்கு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது பந்தலிலிருந்து ஒரு வாழைப்பூ மடல் பானட்டின் மேல் விழுந்தது. தங்கபுஷ்பத்தின் கை தன்னை அறியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கிப் போயிற்று.

"மதினி, கைய எடு!"

ஊரே ஒரே குரலில் கத்தியது, மேளக்காரரும் சேர்ந்து கத்தினார். தங்கபுஷ்பம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார், அந்தச் சிரிப்பும் கதவில் விழுந்தது. உலகம்மாள் உள்கண்ணாடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள், வழிநெடுகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு நடுவில், தெருவுக்குத் தெரு, வாழ்நாளில் அடிக்காத ஹாரனையெல்லாம் அன்றைக்கே அடித்துக்கொண்டு போனாள்.